ஆசிரியர் என்ற கட்டம்

1

இந்தக் கதை ஒரு கட்டத்திலிருந்து பிறந்தது. கைப்பேசித் திரையில் நான்கு கோடு, நடுவே வெள்ளை, மேலே ‘ஆசிரியர்’ என்று எழுத்து. அதை நான் நிரப்பினேன். அதனால் வந்த வினைதான் நீங்கள் இப்போது படிப்பது. பகலெல்லாம் கூலாய்த் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை லாரியில் ஏற்றுகிறவன் ஓய்வு நேரத்தில் செய்யக்கூடாத வேலை இரண்டு. ஒன்று, இணைய நூற்பட்டியலில் புத்தகம் சேர்ப்பது. மற்றது, அதைப் பற்றிக் கதை எழுதுவது. இரண்டுக்கும் சம்பளம் கிடையாது.

2

தொடக்கங்கள்:

‘செம்பனைத் தோட்டத்தின்மேல் சூரியன் மெல்ல...’ (விட்டுவிட்டேன். சூரியன் எனக்கு வருணனை இல்லை, முதுகெரிச்சல்.)

‘அய்யாவு என்றொரு தொழிலாளி இருந்தான். அவன்...’ (அய்யாவு நான்தான். என்னை நானே ‘அவன்’ என்றால் வேலை வாங்குகிற மண்டோர் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.)

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

நாற்பது வயதைத் தாண்டித்தான் எழுத்துப் படித்தேன். மாதா கோயில் மண்டபத்தில் இன்பராணி டீச்சர் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தினார். பயிற்சித் தாளின் அடியில் எப்போதும் இரண்டு கோடு இருக்கும். ‘மாணவர்’ என்ற கோட்டில் நான் அய்யாவு என்று எழுதுவேன். ‘ஆசிரியர்’ என்ற கோட்டில் டீச்சர் இன்பராணி என்று எழுதுவார்.

போன வருடம் அதே மண்டபத்தில் பெட்டி பெட்டியாகப் பழைய புத்தகங்கள் கிடந்தன. தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு நூற்பட்டியலில் அவற்றைப் பதிய ஆள் தேடினார்கள். பட்டியலைப் பார்த்துக்கொள்வது ஜொகூர் பாருவிலிருக்கும் ஷர்மினி. நான் கை தூக்கினேன். தலைப்பு கேட்டது, போட்டேன். பக்கம் கேட்டது, போட்டேன். ஆசிரியர் கேட்டது. எனக்கு இருந்ததே ஓர் ஆசிரியர்தானே? இன்பராணி என்று போட்டேன். எல்லாப் புத்தகத்துக்கும்.

(அட்டையில் வேறு பெயர் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ‘எழுதியவர்’ என்று இருந்தது. எழுதியவர் யாரென்று படிவம் கேட்கவே இல்லை. யாரிடம் படித்தவன் இதைப் பதிகிறான் என்று விசாரிக்கிறார்கள், நல்ல ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன்.)

3

ஷர்மினி போன் செய்தார்.

“அங்கிள், இவ்ளோ பெரிய எழுத்தாளர் கூலாய்லயா இருக்காங்க? கோழி வளர்ப்பு, மோட்டார் பழுது, சர்க்கரைக்காரங்களுக்குச் சமையல், பேய்க்கதை... ஒண்ணுவிடாம எழுதியிருக்காங்க லா! கூப்பிட்டு ஒரு பாராட்டு விழா வைப்போம்.”

விழா என்றதும்தான் என் தவறு எனக்குப் புரிந்தது. விளக்கினேன். மறுமுனையில் இருமல் மாதிரி ஒரு சிரிப்பு.

“பரவால்ல அங்கிள், ஒவ்வொண்ணா மாத்திடுங்க. ஆனா புக்கே இல்லாத பேர் பட்டியல்ல நிக்காது. சிஸ்டமே தூக்கிடும்.”

மறுநாளே கட்டத்தின் பெயரை ‘நூலாசிரியர்’ என்று மாற்றிவிட்டார். என்னால் தமிழ் இணையத்துக்குக் கிடைத்த ஒரே முன்னேற்றம்.

4

(டீச்சரை எப்படி எழுதுவது? ‘கனிவானவர்’ என்று எழுதினால் என்னோடு படித்தவர்கள் சிரிப்பார்கள்.)

ஞாயிறு பூசை முடிந்ததும் டீச்சரே என்னைப் பிடித்துவிட்டார்.

“அய்யாவு, நான் எப்ப பேய்க்கதை எழுதுனேன்?”

“ஆசிரியர்னு கேட்டாங்க டீச்சர்...”

“அலமாக்!” நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வகுப்புலயும் இப்படித்தான். கேள்விய விட்டுட்டு மத்ததெல்லாம் சரியா எழுதுவீங்க. அந்தக் கோழிப் புத்தகம் எத்தன பக்கம்?”

“நூத்துக்கு மேல டீச்சர்.”

“ஒரு கோழி வளத்ததில்ல. பரவால்ல, நல்லாத்தான் எழுதியிருக்கேன்.”

பிறகு கைப்பேசியில் தன் பெயரைத் தட்டி என்னிடம் நீட்டினார்.

“தோட்டத்துப் பள்ளியில எத்தன வருஷம் படிச்சுக் குடுத்தேன். இப்ப அந்தப் பள்ளியே இல்ல. என் பேரத் தேடினா எங்கயும் வரல. இதுல மட்டும் வருது.” கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். “எல்லாத்தையும் மாத்திடுங்க. பொய் பொய்தான். கோழிய மட்டும் கடைசியா மாத்துங்க.”

5

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். கோழி பாக்கி.

முதல் முடிவு: அதையும் மாற்றுகிறேன். நேர்மை ஜெயிக்கிறது, டீச்சர் காணாமல் போகிறார்.

இரண்டாவது முடிவு: மாற்றாமல் விடுகிறேன். டீச்சர் இருக்கிறார். ஆனால் கோழிப் புத்தகத்தை எழுதியவர் சின்னத்தம்பி என்று ஒருவர். அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். அவரும் எங்கேயும் இல்லை.

(மூன்றாவது முடிவில் டீச்சர் உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதுகிறார். சொல்லிப் பார்த்தேன். “உங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்ததே போதும், என்னால முடியாது போங்க” என்றார்.)

இந்தக் கதையை முடித்ததும் கோழியைச் சின்னத்தம்பிக்குக் கொடுத்துவிடுவேன் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பக்கக் கதையை நான் ஏன் இத்தனை நாளாக இழுக்கிறேன் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இனி இழுக்க முடியாது. ஷர்மினி காத்திருக்கிறார், சின்னத்தம்பியும்தான். இந்தக் கதை என்றாவது ஒரு புத்தகத்துக்குள் போனால், அதைப் பட்டியலில் பதியப்போவது உங்களில் ஒருவர். கட்டம் ‘நூலாசிரியர்’ என்றுதான் கேட்கும். கேள்வியைச் சரியாகப் படிப்பதும் என்னைப்போலப் படிப்பதும் உங்கள் இஷ்டம். நான் கற்ற முறைப்படி தாளின் அடியில் என் கோட்டை மட்டும் நிரப்பிவிட்டு எழுந்திருக்கிறேன்.

மாணவர்: அய்யாவு

ஆசிரியர்: ____________