பச்சை நாற்காலிகள்

அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே சும்மா கிடந்த முக்கோண இடத்தைச் சீர்படுத்தும் வேலை கௌசியாவுக்குக் கிடைத்தது. கட்டட வடிவமைப்பாளராகத் தனியே தொழில் தொடங்கிய பிறகு அவளுக்கு வந்த முதல் பொது வேலை அது. அங்கே நின்ற புங்கமரத்தை அப்படியே விட்டுவிட்டு, தரைக்குக் கல் பாவினாள். குடிதண்ணீர்க் குழாய் வைத்தாள். நாற்காலி விஷயத்தில்தான் மாநகராட்சிப் பொறியாளர் கந்தவேலோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது.

"தரையோட சேர்த்து கான்கிரீட் போட்டுருங்கம்மா. இல்லீன்னா ஒரே வாரத்துல காணாமப் போயிரும்."

"நிழல் நகருதுங்க சார். நாற்காலியும் கூடவே நகரணும். நாலு பேரு பேசணும்னா வட்டமா இழுத்துப் போட்டுக்கணும்."

"போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லோணும், பார்த்துக்கங்க."

சரி என்று தலையாட்டிவிட்டாள். பச்சை வண்ணம் பூசிய இரும்பு நாற்காலிகள் வந்து இறங்கின. பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மார்கள் முதலில் ஸ்கூட்டரை விட்டு இறங்கவே இல்லை. பிறகு வெயிலுக்குப் பயந்து ஒவ்வொருவராக மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். கௌசியாவுக்கு மனம் குளிர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பக்கமாக வந்தவளுக்குத் திக்கென்றது. புங்கமரம் இருந்தது, குழாய் இருந்தது; நாற்காலி ஒன்றுகூட இல்லை. கந்தவேலுக்கு என்ன பதில் சொல்வது?

மூலையில் இருந்த இஸ்திரிக்காரர் சிரித்தார். "பின்னாடி சந்துல போயிப் பாருங்க."

சந்து முழுவதையும் அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே வரிசையாகப் பச்சை நாற்காலிகள். ஒன்றில் கழுத்து நிறைய மாலையோடு நிறைமாதப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வளைகாப்பு.

கௌசியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இது பொதுச் சொத்துங்க! யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

சந்தனக் கிண்ணத்தோடு வந்த வீட்டுக்கார அம்மாள் முத்தாயம்மாள் பதறவில்லை. "எல்லார்த்தையும் கேட்டுத்தான் சாமி எடுத்தேன்."

"எல்லார்த்தையும்னா?"

"யாருகிட்டக் கேக்கோணும்னு தெரியல. அதனால அங்க உக்காந்திருந்த ஒவ்வொருத்தருகிட்டயும் போயிக் கேட்டேன். அத்தனை பேரும் எடுத்துக்கங்கன்னாங்க. கேட்டுப்போட்டு அவங்களக் கூப்புடாம இருக்க முடியுங்களா?"

கௌசியா பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். முதலில் ஸ்கூட்டரை விட்டு இறங்காத அந்தத் தாய்மார்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஒருத்தி பந்தி பரிமாறினாள். இன்னொருத்தி கர்ப்பிணிப் பெண்ணின் கையில் வளையல் ஏற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக ஒரே பள்ளி வாசலில் நின்றும் ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரியாதவர்கள்.

கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "நாற்காலி செஞ்சதே நான்தாங்கம்மா. என்னைக் கேக்கவே இல்லையே?" என்றாள் சிரித்துக்கொண்டு.

"அட, நீதானா அது! உன்ற ஊடு தெரிஞ்சிருந்தா முதல்ல அங்கதான் வந்திருப்பேன். உக்காரு கண்ணு, சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்."

புளிசாதமும் தேங்காய்ச்சாதமும் இலையில் விழுந்தன. மாலையோடு இருந்த மருமகள் பிரபா வெட்கத்தோடு கௌசியாவின் கையிலும் கண்ணாடி வளையல் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் நாற்காலிகளைக் கழுவித் துடைத்து எல்லோருமாகத் தூக்கி வந்தார்கள். கௌசியாவும் ஒருத்தியோடு சேர்ந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். வழியில் அந்தப் பெண் தன் பேர் தேவிப்ரியா என்றாள். அடுத்த மாதம் மகனுக்குப் பிறந்தநாள் வருகிறதாம். நாற்காலிக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று விசாரித்தாள்.

"எல்லார்த்தையும்தான்," என்றாள் கௌசியா.