கொரிந்துக் கடைத்தெருவும் ஆட்டுக்கறியும்

1991ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு. லண்டன் வெம்பிளி மண்டபத்தில் ஆராதனை முடிந்த கையோடு பியற்றிஸ் கறிச்சட்டியைத் திறந்தார். ஆறு வருடமாகச் சபை விருந்துக்கு அவர் கைச்சமையல்தான். அகப்பையை எடுக்கவில்லை, அதற்குள் சபை மூப்பர் வாசுதேவன் குறுக்கே வந்து நின்றார்.

"அக்கா, இறைச்சி எங்கை வாங்கினது?"

"கடையிலைதான்."

"ஹலால் கடையிலையோ? அது வேறை பேர் சொல்லி அறுத்த ஆடு. எங்கடை சனம் தின்ன ஏலாது."

பியற்றிஸுக்குக் காது சூடேறியது. இன்று இந்தக் கறியை யாரும் தொடாவிட்டால் இனி அந்த அடுப்படி அவருடையதல்ல.

"ஐசே, நீர் ஞானஸ்நானம் எடுத்து மூண்டு வருசம். எனக்குப் படிப்பிக்காதையும்."

கைப்பையிலிருந்து ஒரு படத்தை இழுத்து எடுத்தார். மாலை வகுப்பில் தொல்லியல் படித்தபோது கிடைத்தது.

"இது கிரேக்க நாட்டுக் கொரிந்து. மண்ணைக் கிண்டி எடுத்த தெரு. மேட்டிலை விக்கிரகக் கோயில், கீழை வரிசையாய்க் கடையள். மேலை பலி குடுத்த ஆடு கீழை கடைக்கு வராமல் வேறை எங்கை போறது? இந்தத் தெருவிலை வாங்கின சனத்துக்குத்தான் அப்போஸ்தலர் பவுல் கடிதம் எழுதினவர், விடுத்து விடுத்துக் கேளாமல் தின்னச் சொல்லி."

படம் கைக்குக் கை மாறியது. இரண்டு மூன்று தட்டுகள் நீண்டன.

வாசுதேவன் சிரித்தார். "கடிதத்தின்ரை மிச்சத்தை வாசிக்கேல்லையோ? இது விக்கிரகத்துக்குப் படைச்சது எண்டு ஒருத்தன் சொன்னால், சொன்னவன்ரை மனச்சாட்சிக்காகத் தின்னாமல் விடச் சொல்லியும் எழுதினவர். நான் சொல்லிப்போட்டன். எல்லாருக்கும் கேட்டதுதானே?"

நீண்ட தட்டுகள் சுருங்கின. அந்த வரி பியற்றிஸுக்கும் மனப்பாடம். தோண்டி எடுத்த தெரு கடை இருந்த இடத்தைக் காட்டும். இவன் வாயை அடைக்காது.

"கெட்டிக்காரன்தான். உம்மடை மனச்சாட்சி வெறுஞ்சோறு தின்னட்டும்!"

மூடியை இறுக்கி, சட்டியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

பஸ் தரிப்புக்கு வாசுதேவனின் மனைவி றோஸ்மலர் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கையில் வெறும் ஐஸ்கிறீம் டப்பா.

"அக்கா, கொஞ்சம் தாங்கோ. அவருக்குத் தெரிய வேண்டாம்."

"ஒளிச்சுத் தின்னத் தரமாட்டன். உள்ளை வந்து அவருக்கு முன்னாலை தட்டை நீட்டும். சட்டியோடை வாறன்."

றோஸ்மலர் மண்டபக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். டப்பாவை மூடினாள்.

"ஏலாது அக்கா."

"அப்ப போம். அடுத்த வருசம் உம்மடை மனுசனைச் சமைக்கச் சொல்லும்."

பஸ் வந்தது. பியற்றிஸ் சட்டியோடு ஏறினார்.