கவனப் பெட்டியும் ஏழு நீலத் திரைகளும்

தையல் டீச்சருக்குப் பொத்தானுக்குக் காஜா எடுக்கத் தெரியும், கிழிந்த பையை ஒட்டுப் போடத் தெரியும், ஆறாம் வகுப்பில் துள்ளும் நாற்பது பேரை ஒரே முறைப்பில் உட்காரவைக்கவும் தெரியும். செயற்கை நுண்ணறிவு மட்டும் தெரியாது. ஆகவே, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்தார் பெரிய டீச்சர்.

"கம்ப்யூட்டர் சார் இருக்காரே மேடம்?"

"அவர் பெட்டியைப் பாத்துக்கணும். நீங்க பசங்களைப் பாத்துக்கோங்க. சின்னதுங்களுக்கு என்ன புரியப் போகுது? நீங்களே போதும்."

பெட்டி என்றால் கவனப் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான். முன்பக்கம் ஒற்றைக் கண், மேலே இரண்டு விளக்குகள். பாடத்தைக் கவனிக்கும் பிள்ளையைப் பார்த்தால் பச்சை எரியும். கவனிக்காத பிள்ளையைப் பார்த்தால் சிவப்பு எரியும், கூடவே ஒரு 'கீய்ங்' சத்தம். அடுத்த மாதம் மேலதிகாரி வந்து பார்ப்பார். அவர் தலையாட்டிவிட்டால் பாடங்கள் எல்லாம் திரையில் ஓடும், வகுப்பைப் பெட்டி மேய்க்கும். தையல் பீரியட் கிடையாது, தையல் டீச்சரும் கிடையாது. ஏதோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வது போலத்தான் பெரிய டீச்சர் இதைச் சொன்னார்.

வீட்டில் அடுப்பு எரிவது அவளுடைய சம்பளத்தில்தான். தங்கை இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். தையல் டீச்சர் பாடப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதல் பக்கத்தில் ஒரு ரோபோ சிரித்துக்கொண்டு கையாட்டியது. இரண்டாம் பக்கத்தில் ஒரே வாக்கியம் பதினோரு வரிக்கு ஓடியது. அதை அவள் மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை கொட்டாவி வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, மறுநாள் வகுப்புக்குப் பொத்தான் டப்பாவை எடுத்துப் போனாள்.

வகுப்பில் கேள்விக்குறி என்று ஒரு பெண் இருந்தாள். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு எதையாவது கேட்டபடியே இருப்பதால் வந்த பெயர். அவளைத்தான் டீச்சர் மெஷினாக உட்காரவைத்தாள்.

"உனக்கு ஒண்ணுமே தெரியாது. சரியா? இவங்க காட்டறதை வெச்சுத்தான் நீ கத்துக்கணும்."

பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். "இது பொத்தான். இதுவும் பொத்தான். இது பொத்தான் இல்ல, கூழாங்கல்லு." இப்படி இருபது ஆனதும், டீச்சர் ஒரு பெரிய கறுப்புக் கோட்டுப் பொத்தானை நீட்டினாள்.

"கல்லு" என்றாள் கேள்விக்குறி.

வகுப்பே கைகொட்டிச் சிரித்தது. "மக்கு மெஷின்!"

கேள்விக்குறிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஒண்ணும் மக்கு இல்ல. நீங்க காட்டின பொத்தான் எல்லாமே வெள்ளை. கல்லு எல்லாமே கறுப்பு. கறுப்புப் பொத்தானை எவன்டா காட்டினான்?"

டீச்சருக்கே அப்போதுதான் விளங்கியது. பதினோரு வரி வாக்கியம் சொல்ல வந்தது இதைத்தான்! "அது தப்பாச் சொன்னா முதல்ல என்ன கேக்கணும்?" என்றாள்.

"அதுக்கு என்ன காட்டினாங்க, யார் காட்டினாங்கன்னு கேக்கணும்!"

நாற்பது பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், விடவே இல்லை.

பெட்டி வகுப்புக்கு வந்தது. வந்ததும் எல்லோருக்கும் சிவப்பு. முதல் ராங்க் வாங்குகிற பெண்ணுக்கும் சிவப்பு, அவள் அழுதே விட்டாள். அதே பெட்டி பெரிய டீச்சர் அறையில் இருந்தபோது எல்லோருக்கும் பச்சை காட்டியிருந்தது.

"டீச்சர், அதுக்கு என்ன காட்டினாங்க?" என்றாள் கேள்விக்குறி.

தையல் டீச்சர் கம்ப்யூட்டர் சாரிடம் போய்க் கேட்டாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் படங்களைத் திறந்தார். கவனமுள்ள பிள்ளைகள் என்று கொடுத்தவை பரிசு வாங்கிய படங்கள், எல்லாம் பெரிய டீச்சர் அறையின் நீலத் திரைக்கு முன்னால் எடுத்தவை. கவனமில்லாத பிள்ளைகள் என்று கொடுத்தவை வெளியே வராந்தாவில் தண்டனைக்கு நின்ற படங்கள். பின்னால் காரை பெயர்ந்த சுவர். பெட்டி பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. திரை இருக்கிறதா என்றுதான் பார்த்தது.

"யார் குடுத்த படம் சார்?"

"எனக்கும் குடும்பம் இருக்குங்க" என்று கம்ப்யூட்டர் சார் பெரிய டீச்சர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கணினியை மூடினார். தையல் டீச்சர் பார்த்ததை அப்படியே கேள்விக்குறியிடம் சொன்னாள்.

பெட்டி தோற்றால் தன் வேலை தப்பும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மனது கேட்கவில்லை, பெரிய டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ நீலத் திரை இருந்தா பசங்க கவனமா இருக்காங்கன்னு பெட்டியே கண்டுபிடிச்சிருக்கு! இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்கே தோணலையே. அறிவுன்னா இதுதாங்க அறிவு!"

"இல்ல மேடம், அது வந்து..."

"நீங்கதான் தையல் டீச்சராச்சே. ஏழு கிளாசுக்கும் திரை தெச்சுடுங்க. அதிகாரி வர்றதுக்குள்ள."

அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் நீலத்துணி மலையாகக் குவிந்து கிடந்தது. தங்கை துணியைத் தாண்டித் தாண்டி நடந்தாள். "ஏங்க்கா, உன்னை வெளிய அனுப்பப்போற மெஷினுக்கு நீயே உக்காந்து பாவாடை தெச்சுக் குடுக்கறியா? உன்னை மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததில்ல."

"பேசாம அந்த ஓரத்தை இழுத்துப் பிடி" என்றாள் தையல் டீச்சர்.

அதிகாரி வந்தார். ஆறாம் வகுப்பில் பெட்டியை மேசைமேல் வைத்தார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரையை ஒட்டிய நாற்காலியில் உட்கார, பச்சை, பச்சை, பச்சை. ஒருவன் வாயோரம் எச்சில் ஒழுக அங்கேயே தூங்கிப் போனான். அவனுக்கும் பச்சை. "ஆழ்ந்த கவனம்" என்று அதிகாரி தட்டிக்கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத் திரையின் ஓரம் ஒன்று பிரிந்து தொங்கியது. பெரிய டீச்சர் கண்ணைக் காட்ட, தையல் டீச்சர் நான்கு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு திரைப்பக்கம் போய் நின்றாள்.

"குழந்தைங்களா, ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றார் அதிகாரி. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பெரியவர்கள் கேட்பது அது.

கேள்விக்குறி எழுந்தாள்.

பெரிய டீச்சரின் பார்வை தையல் டீச்சர்மேல் பாய்ந்தது. உட்காரச் சொல், உடனே சொல் என்று அர்த்தம். தையல் டீச்சர் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். வாய் நிறைய ஊசி. எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம். எடுக்கவில்லை.

"சார், அந்த நாற்காலில என் பையை வைக்கட்டா?"

பையை வைத்தாள். பச்சை. அதிகாரி சிரித்தார். "பைக்குள்ள நல்ல புத்தகமா இருக்கும்போல!" பெரிய டீச்சர் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

"இப்போ நீங்க இந்த ஜன்னல் பக்கம் வாங்க சார்."

ஜன்னல் பக்கம் திரை இல்லை, துணி போதவில்லை. அதிகாரி சிரித்த முகத்தோடு போய் நின்றார்.

கீய்ங். சிவப்பு.

அதிகாரி தலைமுடியைக் கோதிக்கொண்டார். கீய்ங். கண்ணை அகல விரித்து, கைகட்டி, நல்ல பிள்ளையாக நின்று பார்த்தார். கீய்ங். பின்வரிசையில் ஒருவன் பொறுக்கமுடியாமல் பொங்கிச் சிரித்துவிட்டான்.

"யாரு இதுக்குச் சொல்லிக்குடுத்தது?" என்று அதிகாரி கத்தினார்.

"இவங்கதான் சார், ஏ.ஐ. டீச்சர்!" பெரிய டீச்சரின் விரல் திரைப்பக்கம் நீண்டது.

"இல்ல சார்" என்றாள் கேள்விக்குறி. "டீச்சர் சொல்லிக்குடுத்தது எங்களுக்கு. பெட்டிக்குப் படம் குடுத்தது பெரிய டீச்சர். அதுக்கு மூஞ்சியே தெரியாது சார், திரைதான் தெரியும். நீங்க கோவிச்சுக்காதீங்க."

அதிகாரி பெட்டியைப் பார்த்தார், பெரிய டீச்சரைப் பார்த்தார். படங்கள் தப்பு என்று எழுதினால் பெரிய டீச்சர் மாட்டுவார். அவரை நம்பிப் பெட்டி வாங்க ஒப்புதல் கொடுத்த இதே அதிகாரியும் சேர்ந்தே மாட்டுவார். என்னதான் சொன்னாலும் ஒரு பெட்டிக்கு மானரோஷம் கிடையாதே! பேனாவைத் திறந்து எழுதினார்: "கருவியில் பழுது. பழுது நீக்கும்வரை தையல் ஆசிரியையே வகுப்பைத் தொடரவும்."

தையல் டீச்சர் அப்போதுதான் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

பெட்டி பழுதுபார்க்கப் போனது. பழுதே இல்லை என்று திரும்பி வந்தது. இல்லாத பழுதை நீக்க முடியாதாகையால், மறுபடி அனுப்பும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. போவதும் வருவதுமாக வருடம் ஒன்று ஓடியது. தையல் டீச்சர் சம்பளத்தில் தங்கை படிப்பை முடித்தாள்.

ஒருநாள் பொத்தான் பாடத்தின் நடுவில் கேள்விக்குறி எழுந்தாள். ஏழாம் வகுப்பு போயிருந்தும் அந்தப் பீரியடுக்கு மட்டும் ஓடிவந்துவிடுவாள்.

"டீச்சர், பெட்டிக்கு ஒண்ணுமே ஆகலையே? நல்ல படமா நிறையக் காட்டினாச் சரியாயிடுமே. நான் வேணா மேலதிகாரிக்கு ஒரு லெட்டர் எழுதட்டா?"

தையல் டீச்சரின் வாயில் அன்று ஊசி இல்லை.

"கேட்டதெல்லாம் போதும், உக்காருடி" என்றாள்.