கோகுல்ராஜின் வசனங்கள்

நானும் என் கணவர் சுப்பிரமணியும் சேர்ந்து ஒரு காதல் தொடர் எழுதினோம். ஜமுனாமரத்தூரில் எனக்குத் தையல் கடை, அவருக்குப் புளி வியாபாரம். நான்கு வருடமாக, வாரம் ஒரு அத்தியாயம், கைபேசிச் செயலி ஒன்றில் ‘பூங்கோதை சுப்பிரமணி’ என்ற பெயரில் வந்தது. பூங்கோதை நான். மனைவி தேவயானி பேசும் அத்தியாயங்கள் என்னுடையவை. கணவன் கோகுல்ராஜ் பேசுபவை அவருடையவை. அடுத்து என்ன என்று ஒருவரையொருவர் கேட்கக் கூடாது. நான் எழுதிய நோட்டைத் தையல் மிஷின் மேல் வைப்பேன். நாலைந்து நாளில் பதில் எழுதி அங்கேயே வைத்துவிடுவார்.

நேரில் அதிகம் பேசாத மனிதர். கோகுல்ராஜோ பேசியே ஆளை மயக்குவான். நர்ஸ் வேலைக்குப் போகும் தேவயானியை வண்டியில் கொண்டு விடும்போது, "ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு வளைவு இருந்திருக்கலாம்" என்றான். அதைப் படித்த அன்று யாருடைய ஜாக்கெட்டுக்கோ கையை மாற்றித் தைத்துவிட்டேன். இவருக்குள்ளா இவ்வளவு இருக்கிறது?

போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். நோட்டு மிஷின் மேல் இருந்தது. ஒரு மாதப் பயிற்சி முடிந்து வேலூரிலிருந்து திரும்பிய தேவயானி, "நான் இல்லாதப்ப என்னை எத்தனை தடவ நெனச்சே?" என்று கேட்டிருந்தாள். பதில் பக்கம் வெறுமையாக இருந்தது. நானே எழுதிப் பார்த்தேன். கோகுல்ராஜின் வாயில் தேவயானியே பேசினாள்.

தை மாதம் லைனிங் துணி வாங்க செங்கத்துக்குச் சிங்காரத்தின் ஷேர் ஜீப்பில் போனேன். முதல் வளைவு தாண்டியதுமே ஆரம்பித்தான்.

"அண்ணி, தேவயானி கேட்டு ஆறு மாசம் ஆவுது. அவன் இன்னாதான் சொன்னான்?"

"நீ அதெல்லாம் படிக்கிறியா?"

"ஸ்டாண்டுல எல்லாரும் படிப்போங்க. நம்ம டயலாக்கு வந்திருக்குதான்னு பாக்க வேணாமா?"

"நம்ம டயலாக்கா?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். "அண்ணன் சொல்லலீங்களா?"

புளி மூட்டையோடு ஜீப்பில் ஏறும்போதெல்லாம் என் கணவர் தேவயானியின் கேள்வியைப் போட்டு, "உன் பொண்டாட்டி இப்டி கேட்டா நீ இன்னா சொல்லுவே?" என்று எல்லாரையும் கேட்பாராம்.

"அந்த ரெண்டு வளைவு?"

"என்னோடது." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"உன் பேரை சாமை மாதிரி வழியெல்லாம் வெதைச்சுட்டு வந்தேன்னு சொன்னானே?"

"மாவு மில்லு ரங்கன். வூட்ல சொல்லி அடி வாங்குனான்."

பின்சீட்டிலிருந்து சாந்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "பலாச்சுளை ஊட்டுற எடம் நான் குடுத்தது, பூங்கோதை. என் வூட்டுக்காரன் எனக்கு ஊட்டுனது. நீங்க ரெண்டு பேரும் எழுதி ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு வருடம் நான் யாரிடம் மயங்கிக் கிடந்தேன்? ஒரு வரியாவது அவருடையதாக இருக்காதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே மலையிறங்கினேன். எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. தேவயானிக்குக் காய்ச்சல். பக்கத்தில் வந்து உட்காருகிறான் கோகுல்ராஜ். "‘வாசல்ல உன் செருப்பு நனைஞ்சுது. உள்ள எடுத்து வெச்சேன்.’ இது யாரோடது, சிங்காரம்?"

யோசித்தான். "இப்டி ஒண்ணு வந்துச்சா? நான் படிச்சதில்லியே."

படித்திருக்க முடியாது. செயலியில் ஏற்றும் முன் நான் அடித்துவிட்டேன். அவருடைய அத்தியாயத்தில் நான் பேனா வைத்தது அந்த ஒரு தடவைதான். காதல் கதையில் செருப்புக்கு என்ன வேலை என்று கேட்டேன். "சரி, எடுத்துடு" என்றார். இரண்டு நாளில் வேறு நல்ல வரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"காய்ச்சல்ல கெடக்கிறவகிட்ட செருப்பைப் பத்தியா பேசுவாங்க? எங்க ஆளுங்க எவனும் இப்டி சொல்லிருக்க மாட்டான் அண்ணி" என்றான் சிங்காரம்.

செங்கம் வந்துவிட்டது. இறங்கும்போது அவனே ஒரு பதில் கொடுத்தான். "வண்டி ஓட்றப்ப நெனச்சா பள்ளத்துல வுட்ருவேன், அதான் நிறுத்தி நிறுத்தி நெனச்சேன்னு போடுங்க."

நல்ல வரிதான். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். என் அம்மா வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இருபது நாள் நான் இங்கே இல்லை. திரும்பி வந்தபோது, கொசுவலை நான் படுக்கும் பக்கமும் மெத்தைக்கடியில் சொருகியிருந்தது. ஆளில்லாத பக்கத்தை எதற்குச் சொருகினீர்கள் என்று கேட்டேன். "கொசு வரும்" என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

நான் எழுதிச் செயலியில் ஏற்றிய கோகுல்ராஜின் அத்தியாயம் ஒரு பக்கம்கூட நிறையவில்லை. "எண்ணல. தெனமும் உன் பக்கத்து கொசுவலையும் சேத்துதான் சொருகுனேன்" என்றான்.

‘ஹீரோவுக்கு என்ன ஆச்சு?’ என்று ஒரு வாசகி எழுதினாள். ‘சப்புன்னு இருக்கு’ என்று இன்னொருத்தி. அன்று சாயங்காலமே சிங்காரம் போன் செய்தான்.

"யாரு அண்ணி இதை சொன்னது? ரங்கனா? மாத்திட்டு என்னோடதைப் போடுங்க."

"எங்க வூட்டுக்காரரு சொன்னது," என்றேன். "மாத்த மாட்டேன்."