முடிவைச் சொல்லாதேங்கோ

வாய்க்கரிசித் தட்டைக் கையில் வாங்கும்போதும் சுலோஜனாவின் கண் வாசல் படலையில்தான் இருந்தது. சனிக்கிழமைக் காலை லோஞ்சுப் படகு இறங்குதுறைக்கு வந்த ஊதல் கேட்டு நேரமாகிவிட்டது. வருவாள். வராமல் விடுவாளா அந்த மகராசி? செத்த வீடென்றாலும் சனிக்கிழமை சனிக்கிழமைதானே.

வந்தாள். ஊர்காவற்துறைப் பஸ்ரியாம்பிள்ளையின் மகள் நிலாந்தி. வெள்ளைச் சட்டை, தோளில் வழமையான துணிப்பை. படலைக்குள் ஒரு கால் வைத்தவள், பந்தலின் கீழே பெட்டியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அழவில்லை. பெட்டிக்குள் கிடந்த தங்கச்சி கம்சிகாவின் முகத்தைச் சுலோஜனா பார்த்தாள். கண் மூடித்தான் இருந்தது. இல்லாவிட்டால் இந்நேரம் அந்தக் கண் படலைக்குப் போயிருக்கும்.

தாய் தகப்பன் போன பிறகு அவளை வளர்த்தவள் சுலோஜனா. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட நாளிலிருந்து, லோஞ்சும் பஸ்ஸுமாக யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவள் சுலோஜனா. கூடக் குடித்தால் கால் வீங்கும் என்று தண்ணீரைக் கரண்டியால் அளந்து கொடுத்து, அதற்கு ஏச்சும் வாங்கியவள் சுலோஜனா. சனிக்கிழமை ஆனால் போதும், கம்பசில் படிக்கையில் ஒரே அறையில் இருந்த சிநேகிதி வந்து கட்டிலில் ஏறி இருப்பாள். கம்சிகாவின் போனில் அந்தக் காட்டூன் ஓடும். ஒரு வயர், இரண்டு முனை. ஒன்று இவள் காதில், மற்றது அவள் காதில். குசினிக்குள் கஞ்சி வடித்துக்கொண்டிருக்கும் சுலோஜனாவுக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்து சேரும். அகப்பையைச் சட்டி விளிம்பில் ஓங்கித் தட்டுவாள்.

காட்டூன் என்றால் குழந்தைப் பிள்ளைகளுடையது அல்ல. வருசக் கணக்காக ஓடுகிற யப்பான் கதை. ஓடம் விடுகிற ஒருத்தி, வெளிச்சவீட்டில் விளக்கேற்றுகிற ஒருத்தி. இரண்டு பேரும் கடைசியில் சேருவார்களா, மாட்டார்களா என்பதில் இந்த இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை.

"பிரிச்சுத்தான் விடுவாங்கள். எப்பவும் அப்பிடித்தானே. ஒருத்தியைச் சாக்காட்டுவாங்கள், இல்லாட்டி எவனுக்காவது கட்டிக் குடுப்பாங்கள்" என்பாள் நிலாந்தி.

"இல்லையடி. இவையள் சேருவினம். நீ இருந்து பார்" என்பாள் கம்சிகா. சொல்லும்போது வீங்கிய முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சுலோஜனா எத்தனை கரண்டி கஞ்சி பருக்கியும் அந்த வெளிச்சம் வந்ததில்லை.

கடைசிப் பாகம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், வெள்ளிக்கிழமை விடியச் சுலோஜனா இறங்குதுறைக்கு நடந்தாள். வீட்டில் சிக்னல் இழுக்காது. கடற்காற்றில் நின்று, பக்கத்தில் நின்ற பெடியனைக் கேட்டுக் கேட்டு, அதைக் கம்சிகாவின் போனில் இறக்கிக்கொண்டு வந்தாள். ஒருநாளாவது அந்த வயரின் மற்ற முனை தன் காதுக்கு வரட்டுமே என்ற ஆசை.

"இஞ்சை பார், உன்ர காட்டூன்ர கடைசி. கொஞ்சம் அங்காலை அரக்கி இரு, சேந்து பாப்பம்."

கம்சிகாவின் கண் விரிந்தது. உடனே அடங்கியும் விட்டது. "வைச்சிருங்கோ அக்கா. நாளைக்கு அவள் வரட்டும்."

"ஏன், எனக்குக் கண் இல்லையே?"

"அவள் இல்லாமல் எப்பிடி அக்கா பாக்கிறது?" மூச்சு வாங்கியது. "நீங்கள் வேணுமெண்டால் பாருங்கோ. ஆனா முடிவைச் சொல்லாதேங்கோ."

பார்த்தாள். வீம்புக்குத்தான் பார்த்தாள். குசினிக் கதவைச் சாத்திப்போட்டு, உலை கொதித்து வழிய வழியப் பார்த்தாள். முன்கதை ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் ஓடக்காரி வெளிச்சவீட்டுப் படி எல்லாம் ஓடி ஏறினாள். விளக்குக்காரி திரும்பினாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பிடித்து முத்தமிட்டார்கள். சிவசிவா என்று வாய் போனது. ஆனால் சுலோஜனாவைத் தூக்கிப் போட்டது முத்தமில்லை. ஆள் வந்த சத்தத்துக்கு விளக்குக்காரி திரும்பின திரும்பல். லோஞ்சு ஊதினதும் கம்சிகா யன்னல் பக்கம் திரும்புவது அதே திரும்பல்தானே. அட கடவுளே, எனக்கு இது முதலே தெரியும், தெரியாத மாதிரி இருந்திருக்கிறன் என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பின்னேரம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. கடல் எழும்பிவிட்டது, நோயாளியை ஏற்ற எந்தப் படகும் ஓடாது என்றார்கள். தங்கச்சியின் தலையை மடியில் வைத்திருந்தபோது முடிவைச் சொல்லும் அந்த ஒரு சொல் சுலோஜனாவின் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அந்த வெளிச்சம் ஒருமுறை எனக்காக வரும். ஆனால் சொல்லாதேங்கோ என்றாளே. சொல்லுவோமா விடுவோமா என்று இருக்கும்போதே தங்கச்சியின் கை குளிர்ந்துவிட்டது.

"பிள்ளை, உரித்துக்காரர் எல்லாரும் அரிசி போட்டாச்சே?" சிவக்கொழுந்து மாமி உலுக்கினாள். "பெட்டி மூடப் போகினம்."

ஓம், போட்டாச்சு என்றால் முடிந்தது. வேறு ஊர், சிலுவை கும்பிடுகிற வேதக்காரப் பெட்டை, ஒட்டுமில்லை உறவுமில்லை. கூப்பிடாவிட்டால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

"இல்லை மாமி. ஒராள் இருக்கு."

தட்டோடு படலைக்கு நடந்தாள். சனம் விலகிப் பார்த்தது.

"வாரும் நிலாந்தி. அரிசி போடும்."

"நான் போடலாமோ அக்கா? நாங்கள்..."

"போடும் எண்டுறன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கடைசிப் பாகம் பாத்திட்டீரோ?"

"இல்லை அக்கா. அவள் இல்லாமல் எப்பிடிப் பாக்கிறது?"

அதே வசனம். ஒரு சொல் மாறவில்லை. தட்டை இவள் காலடியில் போட்டு உடைத்தால் என்ன என்று இருந்தது சுலோஜனாவுக்கு. தன்னிடம் மட்டும் இருந்த ஒரே ஒரு பொருள் அந்த முடிவு. அதையும் இவளுக்கே கொடுக்கவேண்டி இருக்கிறதே.

"சேந்திட்டினம்" என்றாள். "போய் அவளுக்குச் சொல்லும்."

நிலாந்தியின் முகம் மலர்ந்தது, மலர்ந்த கையோடு உடைந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, அரிசியை வாயில் இட்டாள். பிறகு குனிந்து காதோடு வாயை வைத்தாள். ஒரு சொல்தானே, அதற்கு இவ்வளவு நேரமா? என்னென்ன சொல்லுகிறாளோ. சுலோஜனா எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பறைச் சத்தம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் சுடலைக்குப் போனார்கள். பெண்கள் படலையோடு நின்று குழறி அழுதுவிட்டுத் திரும்பினார்கள். இனி வீடு கழுவவேண்டும், அதற்குப் பிறகுதான் முழுக்கு. கிணற்றடியில் ஒரு வாளி நிறைய அள்ளிக்கொண்டு சுலோஜனா கம்சிகாவின் அறைக்கு வந்தாள்.

கட்டிலில் நிலாந்தி. கையில் கம்சிகாவின் போன். வயரின் ஒரு முனை அவள் காதில். மற்ற முனையைத் தலையணையில் வைத்திருந்தாள்.

சுலோஜனாவின் கை அந்த முனைக்கு ஒருமுறை நீண்டது. நீண்ட கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

"உந்தப் பெட்டையை எழும்பச் சொல்லு பிள்ளை!" முற்றத்திலிருந்து மாமி கத்தினாள். "அறை கழுவ வேணுமெல்லே?"

"கொஞ்சம் பொறுங்கோ மாமி."

திரையில் ஓடக்காரி இப்போதுதான் கரைக்கு வந்து இறங்குகிறாள். இனி அந்த வெளிச்சவீட்டுப் படிகள் இருக்கின்றன. சுலோஜனா வாளியைக் கீழே வைக்காமல் வாசலுக்குப் போய் நின்றாள்.