அண்ணனுக்கு ஒரு பாட்டு

"இன்னும் கொஞ்சம் கீழ புடிண்ணா. அம்மா மூஞ்சி தெரியல."

பாஸ்கர் போனைக் குளிர்பெட்டியின் கண்ணாடிமேல் சாய்த்துப் பிடித்தான். பனி படிந்திருந்தது. தோள்துண்டால் துடைத்தான். உள்ளே அம்மா சுகிர்தம் வெள்ளைப் புடவையில் படுத்திருந்தாள். விடிகாலையில் போய்விட்டாள். போனுக்குள் தம்பி நெகேமியா அழுதான். ராயபுரத்தில் மணி பதினொன்றரை, அவன் இருக்கும் மலாவியில் எட்டு. நாலு மணிக்கு அடக்கம்.

நெகேமியா இவர்கள் சபை அனுப்பி வைத்த மிஷனரி. ஒன்பது வருடமாகிறது. ஆலயச் சுவரில் உலகப் படத்துக்குப் பக்கத்தில் அவன் போட்டோ மாட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லாமல் ஆமென் வராது. "நம்ம வேலையா போனவனோட அம்மா நமக்கும் அம்மாதான்" என்று சபைப் பெண்கள் முறை வைத்து வந்து சுகிர்தத்தைக் குளிப்பாட்டினார்கள், கஞ்சி ஊட்டினார்கள். சபையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் பாஸ்கரிடம்தான்.

இரண்டு மாதம் முன்பு மிஷனரி கமிட்டிச் செயலாளர் ஜானட் வாசலில் நின்று கேட்டாள்.

"டாக்டர் இன்னா சொல்றாரு பாஸ்கரு? கமிட்டில டிக்கெட் போட்டு நெகேமியாவ வரவழைக்கலாம்னு கீறோம். வூட்ல ஒரு வார்த்த கேக்காம முடிவு பண்ணக் கூடாதுல்ல?"

இனி வாரக் கணக்குதான் என்று டாக்டர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

"பயப்பட ஒண்ணுமில்லன்ட்டாருக்கா" என்றான் பாஸ்கர். "அம்மாவே வாணான்னுட்ச்சி. அவன் ஊழியத்த பாக்கட்டும்னுச்சி."

ஏன் சொன்னான்? சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நாளெல்லாம் கம்பி தூக்கிவிட்டு வந்து, அம்மாவின் மலஜலம் அள்ளியவன் அவன். தம்பியின் வாய்ஸ் மெசேஜ் வந்தால் எழுந்து உட்காருகிறவள், இவன் ஊட்டப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். தம்பி நேரில் வந்து நின்றால், பாஸ்கர் என்று ஒருவன் இருப்பதே அவளுக்கு மறந்துபோகும். கடைசி நாட்களாவது தனக்கு மட்டும் என்று ஆசைப்பட்டான். நாற்பத்தாறு வயதில் சின்னப்பிள்ளைப் பொறாமை.

அதிலும் மண் விழுந்தது. "நெகேமியா வந்துட்டானா?" என்று தினமும் கேட்டாள். கடைசி வாரம் பாஸ்கரையே நெகேமியா என்று கூப்பிட்டாள். "வந்துட்டேம்மா" என்றான் அவன். கஞ்சி கொண்டுவந்த ஜானட் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது பாஸ்டர் பெட்டியின் தலைமாட்டில் வந்து நின்றார்.

"சாகப்போற நேரத்துலயும் மகனை வர வேண்டாம்னு சொன்ன தாய் இவங்க. அந்தப் பாரத்தைத் தனியா சுமந்த மூத்த மகனும் இதோ நிக்கிறார். மிஷனரியைத் தாங்குறதுன்னா என்னான்னு இந்தக் குடும்பத்தைப் பார்த்துச் சபை கத்துக்கணும்."

"ஆமென்" என்றது வீடு. பாஸ்கருக்குக் காதுமடல் எரிந்தது. தலையைத் தொங்கப்போட்டான். துக்கம் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அது இன்னும் கேவலமாக இருந்தது.

"அண்ணா, இங்க பாரேன்." நெகேமியா தன் போனைத் திருப்பினான். தகரக் கூரைக்குக் கீழே நாற்பது ஐம்பது பேர், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில். "அம்மா வாணான்னத இங்க ஊர் ஊரா சாட்சியா சொல்லிக்கினு கீறேன்ணா. இவங்களுக்கு அம்மா பேரும் தெரியும், உன் பேரும் தெரியும். விஷயம் கேட்டதும் இருட்டோட நடந்து வந்துட்டாங்கோ. என்னை இங்க வுட்டு வச்சதுக்கு, உனக்கு ஒரு பாட்டு பாடணுமாம்."

பாடினார்கள். புரியாத பாஷை. நடுநடுவே "பாஸ்காரா, பாஸ்காரா" என்று மட்டும் புரிந்தது. முன்வரிசையில் முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒருத்தி, இவனைப் பார்த்து முழங்காலை மடக்கி, மரியாதையாகக் கை தட்டினாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. எங்கேயாவது ஓடி ஒளியலாம் என்றால், கையில் போன் இருக்கிறது.

"நெகேமியா" என்றான். குரல் உள்ளேயே போனது. "அம்மா கேட்ச்சிடா. தெனம் உன்னத்தான் கேட்ச்சி. நான்தான்..."

"இன்னாண்ணா? பாட்டுல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லு."

நெகேமியா கையை உயர்த்தினான். பாட்டு நின்றது. அத்தனை முகங்களும் போனை நோக்கிக் குனிந்தன. மூத்த மகன் சாட்சி சொல்லப் போகிறார் என்று எண்ணி, பாஸ்டரும் இங்கே எல்லாரையும் கையமர்த்தினார்.

ஜானட் பாஸ்கரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், கடகடத்துக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினாள்.