விட்டுப்போன வெந்நீர்

பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்குப் பதிவேட்டம்மா என்று பெயர். இருபது வருஷமாக ஆசிரியர்களின் வருகைப் பதிவேடு அவள் கையில்தான். யாராவது கையெழுத்துப் போட மறந்தால், சனிக்கிழமை கூப்பிட்டு உட்காரவைத்து, விட்டுப்போன நாளையெல்லாம் ஒரேயடியாக நிரப்ப வைப்பாள். "ஏட்டுல இருந்தா வந்தீங்க, இல்லேன்னா வரலை. அவ்வளவுதான்" என்பாள். அது தப்பென்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எந்த அலுவலகத்தில் நடக்காத சங்கதி?

அப்பேர்ப்பட்டவளுக்கு நாற்பத்து நாலு வயதில் எழுத்தாளராகும் ஆசை வந்து தொலைத்தது. நூலகத்தில் கோடை வாசிப்பு என்று அறிவித்திருந்தார்கள். விடுமுறைக்குள் ஆறு புத்தகம் படிக்க வேண்டும். தினம் ஒரு பக்கம் சொந்தமாக எழுத வேண்டும். திங்கட்கிழமைதோறும் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினால், நூலகர் அம்மா புரட்டிப் பார்த்து ஊதா மையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்துவார். ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த வாரத்துக்கு முத்திரை கிடையாது. கடைசியில் நல்ல பக்கங்களைப் பொறுக்கியெடுத்து நூலகத்தின் மலரில் போடுவார்களாம். அந்த மலர் மேல்தான் இவளுக்குக் கண்.

வீட்டில் அவளும் தம்பியும்தான். அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை, சட்டைப் பையில் எப்போதும் லென்ஸில் குறி போடுகிற சிவப்பு மெழுகுப் பென்சில். "எழுத்தாளரே, மோட்டார் போடலாமா, இல்லை தண்ணியையும் கற்பனை பண்ணிக்கணுமா?" என்று சீண்டுவான். ஆனால் அவள் எழுதியதை முதலில் படிப்பவனும் அவன்தான். சொல்லாமல் எடுத்துப் படித்துவிட்டுத் திட்டு வாங்குவான்.

மூன்றாவது வாரம் அவள் எண்ணூறு பக்க நாவல் ஒன்றில் விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்கவேயில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு, பொழுது விடிந்து பொழுது போனால் அதே கதி. செவ்வாய்க்கிழமை தம்பி வேலைக்குப் போகாமல் பக்கத்து அறையில் படுத்துவிட்டான். இருமல் சுவரைத் தாண்டி வந்தது. அவள் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினாள். இதை எப்படிச் சொன்னாலும் நன்றாகச் சொல்ல முடியாது. சத்தம் கேட்கக்கூடாதென்றுதான் கூட்டினாள்.

புதன்கிழமை அவன் கதவைத் தட்டினான்.

"அக்கா, கொஞ்சம் வெந்நீர் வெச்சுத் தர்றியா?"

"இந்த அத்தியாயம் முடியட்டும்டா."

அத்தியாயம் முடிந்தது, அடுத்தது ஆரம்பித்தது. அவளுக்கு ஞாபகம் வந்து சமையலறைக்குப் போனபோது, அவனே வைத்துக் குடித்த பாத்திரம் அடுப்பின் மேல் காலியாக இருந்தது. சரி, குடித்துவிட்டானே என்று திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாவல் முடிந்தது. நோட்டைத் திறந்தால் அந்த வாரம் முழுக்க வெள்ளை. முத்திரை போச்சே! உட்கார்ந்தாள். கறுப்புப் பேனா, நீலப் பேனா என்று மாற்றி மாற்றி நிரப்பினாள். அதெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன? ஆனால் எழுத என்ன இருந்தது? 'இன்று படித்தேன்' என்று ஏழு தடவையா எழுதுவது? அதனால் தம்பியை எழுதினாள். செவ்வாய்க்கிழமை அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான். புதன்கிழமை இருவரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நாவலை வாசித்துக் காட்ட, அவன் கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தான். வெள்ளிக்கிழமை மழை வரும்போல் இருந்தது, இரண்டு பேருமாக ஓடிப்போய்த் துணி எடுத்தார்கள். சனிக்கிழமைப் பக்கத்தில்தான், 'தம்பிக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது' என்று ஒரு வரி. அவள் இதுவரை எழுதியதிலேயே அந்த வாரம்தான் நன்றாக வந்திருந்தது. வயிற்றெரிச்சலே அதுதான்.

திங்கட்கிழமை காலை முத்திரை விழுந்தது. வீட்டுக்கு வந்தால் தம்பி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்த்தாள், கை சுட்டது. குளித்துவிட்டு, சாயங்காலம் அவனைக் கைத்தாங்கலாகப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

"காய்ச்சல் எத்தனை நாளா?" என்று கேட்டார் டாக்டர்.

தம்பி வாயைத் திறப்பதற்குள் இவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. யாராவது தேதி கேட்டால் கை தானாக ஏட்டுக்குப் போகும், இருபது வருஷப் பழக்கம். "சனிக்கிழமைதான் டாக்டர் ஆரம்பம். அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தான். செவ்வாய்க்கிழமை ரெண்டு தட்டு சாப்பிட்டிருக்கான்" என்று பார்த்துப் படித்தாள். கீழே முத்திரை வேறு இருந்தது. படிக்கும்போது அவளுக்கே அது நடந்ததாகத்தான் பட்டது.

டாக்டர் அவனைப் பார்த்தார். "அப்படியா?"

அவன் அக்காவைப் பார்த்தான். "ஆமா டாக்டர். அக்கா எழுதி வெச்சிருக்கா."

டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். "ரெண்டு நாள்தானே, மாத்திரை தர்றேன். வியாழக்கிழமைக்குள்ள குறையலைன்னா எக்ஸ்ரே எடுத்துடலாம்."

வியாழக்கிழமை வரைக்கும் அவன் தாங்கவில்லை. புதன்கிழமை காலையிலேயே மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் படத்தைத் தூக்கிப் பார்த்த டாக்டர், "நெஞ்சு பூரா சளி கட்டிக் கிடக்கு. ஒரு வாரத்துக்கு மேல இருக்குமே, என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். கைப்பை அவள் மடியில்தான் இருந்தது, திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தம்பி போய்விட்டான்.

விடுமுறை முடிகிற வாரம் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனாள். போன வேகத்தில் வந்துவிடலாம் என்றுதான் போனாள். நூலகர் அம்மாவுக்கு விஷயம் தெரியாது.

"எங்க ஆளையே காணோம்? நோட்டைக் காட்டுங்க" என்று அவரே கைநீட்டி வாங்கிப் புரட்டினார். "நல்லாப் போயிட்டிருந்துச்சே, இப்படி நிறுத்திட்டீங்களே" என்றவர் பின்னால் திருப்பினார். "இதென்ன, ஓரத்துல சிவப்பா? நான் முத்திரை வைக்கும்போது இல்லையே."

அவள் குனிந்து பார்த்தாள். புதன்கிழமைப் பக்கம். மெழுகுப் பென்சிலில், தம்பியின் சாய்ந்த கையெழுத்து. அந்தத் திங்கட்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் படித்திருப்பான். அப்புறம்தான் டாக்டரிடம் போனார்கள்.

'நல்லா இருக்கு அக்கா. வெந்நீர் மட்டும் விட்டுப்போச்சு.'

"உங்க தம்பியா? நல்ல ரசிகர்தான்" என்று சிரித்தார் நூலகர் அம்மா. "இந்தப் பக்கத்தை மலருக்கு எடுத்துக்கட்டுமா? எங்களுக்கு வந்ததுலேயே இதுதான் உயிரோட இருக்கு."

அவள் நோட்டை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க" என்றாள். "அன்னிக்கு அவன் வெந்நீர்தான் கேட்டான். நான் எழுந்துக்கலை."